மேனுவலா, பேடில் ஷிஃப்டா? அந்த 1.11 லட்சம் வித்தியாசம் உண்மையில் எவ்வளவு?



2023 டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம். திருநகர்ல எங்க வீட்டுக்கு என் சித்தி பையன் வந்தான். கையில ரெண்டு கொட்டேஷன். ரெண்டும் ஒரே கார்தான், ஹூண்டாய் ஐ20 என் லைன். ஒண்ணு 6 ஸ்பீடு மேனுவல். இன்னொண்ணு 7 ஸ்பீடு டிசிடி, அதாவது ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் பேடில் வச்ச ஆட்டோமேட்டிக்.

"அண்ணே, 1.11 லட்சம்தானே வித்தியாசம். அஞ்சு வருஷத்துக்கு பிரிச்சா மாசம் ரெண்டாயிரம் கூட வராது. பேடில் எடுத்துடவா?"

காபி வர்றதுக்குள்ள கணக்கு போட்டு முடிச்சுட்டான். அந்தக் கணக்குதான் தப்பு. அவன் மட்டும் இல்ல, முதல் கார் வாங்கற முக்கால்வாசிப் பேர் இதே கணக்கைத்தான் போடறாங்க. அதனால அன்னிக்கு அவனுக்கு நான் பேப்பர்ல எழுதிக் காட்டினதை இன்னிக்கு உங்களுக்கும் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "இந்த வயசுல எதுக்கு ஸ்போர்ட்ஸ் கார், அந்தப் பணத்தை எஸ்ஐபி போடு"ன்னு இந்தக் கட்டுரையில எங்கயும் வராது. கார் ஆசை தப்பில்ல. ஆசைக்கு என்ன விலைன்னு முழுசா தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க, அவ்வளவுதான் என் கட்சி.

பேடில்ங்கிறது ஒரு சுவிட்ச்

இந்த பேடில் எங்க இருந்து வந்துச்சு? 1989ல ஃபெராரி தன்னோட ஃபார்முலா 1 காருக்கு ஸ்டீயரிங்ல பேடில் வச்ச கியர்பாக்ஸைக் கொண்டு வந்துச்சு. ஜான் பர்னார்டுங்கிற இன்ஜினியரோட யோசனை. டெஸ்ட்டிங்ல அந்தக் கார் சும்மா சும்மா நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஆனா பிரேசில்ல நடந்த முதல் ரேஸையே நைஜல் மேன்செல் அதுல ஜெயிச்சார். ரோட்டுல ஓட்டற ஃபெராரிக்கு அது வந்து சேர 1997 ஆச்சு, எஃப்355 மாடல்ல.

நம்ம பக்கம் கதை வேற. சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் டிராக் இருக்கு. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வச்சு ஃபார்முலா மாருதின்னு ஒரு ரேஸ் காரை உருவாக்கினார். நம்ம பசங்க பல பேர் ரேஸ் பழகினதே அதுலதான். நரேன் கார்த்திகேயன் ஆரம்பிச்சதும் அங்கதான். அதே நரேன் 2005ல ஜோர்டான் டீம்ல ஃபார்முலா 1 ஓட்டினப்போ, கை கியர் லீவருக்குப் போகவே இல்ல, எல்லாமே பேடில். அந்த டிராக் இருக்கற இருங்காட்டுக்கோட்டையிலதான் ஹூண்டாய் ஃபேக்டரியும் இருக்கு. தம்பி கேட்ட என் லைன் தயாராகறதும் அங்கதான்.

ரேஸ்ல பேடில் வந்ததுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு, நேரம். ஸ்டீயரிங்ல இருந்து கையை எடுக்காம, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்காம கியர் மாத்தலாம். இன்னிக்கும் அந்தக் கணக்கு மாறல. போர்ஷே 911 ஜிடி3யில பேடில் வச்ச பிடிகே கியர்பாக்ஸ்னா 0ல இருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 3.4 செகண்ட். அதே கார் மேனுவல்னா 3.9 செகண்ட். எவ்வளவு நல்ல டிரைவரா இருந்தாலும் மேனுவல்ல அந்த அரை செகண்டைப் பிடிக்க முடியாது.

ஆனா இங்க ஒரு விஷயம் கவனிங்க. பேடிலுக்குப் பின்னாடி என்ன கியர்பாக்ஸ் இருக்குங்கிறதுதான் முக்கியம். வீட்டுல ஒரே மாதிரி சுவிட்ச்தான், ஒண்ணு ஜீரோ வாட் பல்பை எரிய வைக்கும், இன்னொண்ணு போர் மோட்டாரை ஓட வைக்கும். அதே மாதிரிதான் இது. ஹூண்டாய் எக்ஸ்டர் ஏஎம்டியில கூட பேடில் இருக்கு. ஏஎம்டின்னா சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், உங்களுக்குப் பதிலா கிளட்சையும் கியரையும் ஒரு மெஷின் போடுது. விலை கம்மி, மாத்தறப்போ லேசா தலை ஆடும். ஹோண்டா சிட்டி சிவிடியில பேடில் இருக்கு, ஆனா அதுக்குள்ள படிப்படியான கியரே கிடையாது, இருக்கற மாதிரி பாவனை காட்டும். மாருதி பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக்ல பேடில் இருக்கு, அது எண்ணெய் வழியா சக்தி போற டார்க் கன்வர்ட்டர், மெத்துனு போகும், அவசரப்படாது.

டிசிடி, டிஎஸ்ஜின்னு சொல்றது இதெல்லாம் இல்ல. அதுல கிளட்ச் ரெண்டு. ஒண்ணு 1, 3, 5, 7வது கியர்களுக்கு, இன்னொண்ணு 2, 4, 6க்கு. நீங்க மூணாவது கியர்ல போயிட்டு இருக்கும்போதே நாலாவது கியர் தயாரா காத்துக்கிட்டு இருக்கும். பேடிலைத் தட்டினதும் ஒரு கிளட்ச் விடும், இன்னொண்ணு பிடிக்கும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரங்க காசு குடுக்கறது இந்த வேலைக்குத்தான். ஷோரூம்ல "சார், பேடில் ஷிஃப்டர் வந்துடுது"ன்னு சொன்னா, "எந்த கியர்பாக்ஸ்?"னு ஒரு வார்த்தை கேளுங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்

2023 செப்டம்பர்ல என் லைன் புது மாடல் 9.99 லட்சத்துல ஆரம்பிச்சுது, அது மேனுவல். அதே வேரியன்ட்ல டிசிடி சுமார் 11.10 லட்சம். எல்லாம் எக்ஸ் ஷோரூம் விலை. தம்பி பார்த்தது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற 1.11 லட்சத்தை மட்டும்தான்.

அவன் பார்க்காதது ரோட் டேக்ஸ். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல வாழ்நாள் வரியை ஏத்தினாங்க. 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம். 5ல இருந்து 10 லட்சம் வரை 13. 10 லட்சத்தைத் தாண்டினா 18. 20 லட்சத்துக்கு மேல 20 சதவீதம்.

இங்கதான் எல்லாரும் வழுக்கறாங்க. நம்ம வருமான வரியில ஸ்லாப் தாண்டினா, தாண்டின பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் வரி. சம்பளம் வாங்கறவங்களுக்கு அது பழகிப் போச்சு, அதனால ரோட் டேக்ஸும் அப்படித்தான்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. விலை 10 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினாலும் மொத்த விலைக்கும் 18 சதவீதம்.

9.99 லட்சத்துக்கு 13 சதவீதம்னா 1,29,870 ரூபாய். 11.10 லட்சத்துக்கு 18 சதவீதம்னா 1,99,800 ரூபாய். வித்தியாசம் 69,930. ஆக, 1.11 லட்சம் இங்கேயே 1.81 லட்சம் ஆயிடுச்சு. கியர்பாக்ஸுக்கு 1.11 லட்சம், கூடுதல் ரோட் டேக்ஸுக்குக் கிட்டத்தட்ட எழுபதாயிரம்.

அடுத்தது டிசிஎஸ். 10 லட்சத்துக்கு மேல விலை இருக்கற கார் வாங்கினா, டீலர் 1 சதவீதம் வசூல் பண்ணி வருமான வரித்துறைக்குக் கட்டணும். இதுவும் மொத்த விலைக்கும்தான், நம்ம கணக்குல 11,100 ரூபாய். இது செலவு இல்ல, உங்க பேர்ல 26ஏஎஸ்ல நிக்கும், ரிட்டர்ன் போடறப்போ உங்க வரியில கழிச்சுக்கலாம், இல்லன்னா ரீஃபண்ட் வாங்கிக்கலாம். ஆனா ஃபார்ம் 16ஐ மட்டும் பார்த்து ரிட்டர்ன் போட்டு, இந்த 11,000ஐ அப்படியே விட்டவங்களை என் ஆபீஸ்ல நிறைய பார்த்திருக்கேன். பத்து ரூபாய் கூப்பனுக்கு அரை மணி நேரம் ஆப்ல தேடறவங்கதான் இவங்களும்! கார் வாங்கின வருஷம் 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்க.

இன்ஷூரன்ஸ்ல பெரிய அடி இல்ல. தேர்ட் பார்ட்டி பிரீமியம் இன்ஜின் சிசியைப் பொறுத்தது. ரெண்டுக்கும் ஒரே 998 சிசி டர்போ இன்ஜின், 1000 சிசிக்குள்ள வர்றதால புது காருக்கு 3 வருஷத்துக்கு 6,521 ரூபாய், மேல ஜிஎஸ்டி. ஓன் டேமேஜ் பகுதி மட்டும் கார் விலைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கூடும்.

மொத்தத்துல, கார் எடுக்கற அன்னிக்குக் கையில இருந்து கூடுதலா போறது 1.92 லட்சம், அதுல 11,100 பின்னாடி திரும்ப வரும்.

இந்த 1.81 லட்சத்தையும் லோன்ல போட்டா? 9 சதவீதம், 5 வருஷம்னு வச்சுக்கோங்க. மாசம் 3,757 ரூபாய் கூடுதல் இஎம்ஐ. முடிக்கறப்போ 2.25 லட்சத்துக்கு மேல கட்டியிருப்பீங்க. தம்பி சொன்ன "மாசம் ரெண்டாயிரம் கூட வராது" எங்க இருக்கு, இது எங்க இருக்கு!

இன்னொண்ணு. வியாபாரம் பண்ற உங்க நண்பர் இதே காரைத் தொழில் கணக்குல எடுத்தா தேய்மானம் கழிப்பார், லோன் வட்டியையும் கழிப்பார். சொந்தமா கார் வாங்கற சம்பளக்காரருக்கு ரெண்டும் கிடையாது. வரி கட்டின பிறகு மிச்சம் இருக்கற காசுலதான் நீங்க வாங்கறீங்க. அதனால "அவன் எடுத்துட்டான்"ங்கிறது உங்களுக்குக் காரணம் ஆகாது.

அந்த எஃப்டி

தம்பிக்கு வடபழஞ்சி ஐடி பார்க்ல வேலை. கைக்கு வர்ற சம்பளம் 72,000. காருக்குன்னு 3.8 லட்சம் சேர்த்து வச்சிருந்தான். 8 லட்சம் லோன், 5 வருஷம்னா இஎம்ஐ 16,607. மேனுவலுக்கு இது சரியா வந்துச்சு. வீட்டுக்கு மாசம் 15,000 குடுக்கறான், சித்தப்பா ரிட்டயர் ஆகிட்டார்.

பேடில் எடுக்கணும்னா ரெண்டு வழி. லோனை 9.81 லட்சம் ஆக்கி இஎம்ஐ 20,364 கட்டணும். இல்லன்னா தனியா இருக்கற 2 லட்சம் எஃப்டியை உடைக்கணும். அவன் மனசுல இருந்தது ரெண்டாவது.

"அந்த எஃப்டி எதுக்குடா போட்ட?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசல. அதுக்கு முந்தின வருஷம் சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கட்ட எனக்குத்தான் போன் பண்ணினான். அதுக்கப்புறம் போட்ட எஃப்டி அது. பேடில் ஷிஃப்டுக்கு அவன் குடுக்கப் போற விலை 1.11 லட்சமும் இல்ல, 1.81 லட்சமும் இல்ல. அந்த ராத்திரி ரெண்டு மணிக்கான காசு.

அவன்கிட்ட வேற எங்கயாவது 2 லட்சம் இருந்திருந்தா, "எடுத்துக்கோ"ன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்.

சரி, மேனுவல்ல எதை இழக்கறோம்?

வேகத்துல கொஞ்சம். அதை மறைக்க வேண்டாம். ஆனா கார் பிரியர்களுக்கு வேகம் மட்டும் போதல. போர்ஷே 2013ல ஜிடி3யை பேடில் கியர்பாக்ஸோட மட்டும்தான் வித்துச்சு. ரசிகர்கள் விடல. 2016ல மேனுவல் மட்டும் வர்ற 911 ஆர் 991 கார் மட்டும் செஞ்சாங்க, வாங்கினவங்க பல மடங்கு விலைக்கு வித்தாங்க. 2017ல ஜிடி3க்கே மேனுவல் திரும்பி வந்துச்சு. நம்ம ஊர்லயும் அதே கதைதான், சின்ன அளவுல. ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி பிளஸ் 2022ல டிஎஸ்ஜி மட்டும்தான், அடுத்த வருஷமே மேனுவல் குடுத்தாங்க. என் லைன் 2021ல வந்தப்போ கிளட்ச் பெடலே இல்லாத ஐஎம்டியும் டிசிடியும்தான், 2023லதான் மூணு பெடல் வச்ச முறையான மேனுவல் வந்துச்சு.

இதைப் படிச்சுட்டு "அப்ப மேனுவல் எடுத்தா பின்னாடி விலை ஏறும்"னு யாரும் கிளம்பிடாதீங்க. 991 கார் மட்டும் செஞ்ச போர்ஷேயோட நியாயம் ஐ20க்குப் பொருந்தாது. நம்ம கார் விலை இறங்கத்தான் செய்யும்.

ரிப்பேர் பக்கமும் பார்க்கணும். என் லைன் டிசிடியும் விர்டஸ் 1.5 டிஎஸ்ஜியும் டிரை கிளட்ச் வகை, அதாவது கிளட்சைக் குளிர வைக்க எண்ணெய் கிடையாது. நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து போறப்போ சூடாகும். 2013ல சீனாவுல டிஎஸ்ஜி கோளாறுக்காக ஃபோக்ஸ்வேகன் 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சுது. அதுக்குப் பிறகு எவ்வளவோ திருத்தியாச்சு, பயந்து ஓட வேண்டியதில்ல. ஆனா டிசிடி எடுக்கறவங்க எக்ஸ்டெண்டட் வாரண்டி விலையையும் கணக்குல சேர்த்துக்கோங்க, அதுல கியர்பாக்ஸும் கிளட்சும் வருதான்னு பாலிசியைப் படிங்க. மேனுவல்ல கிளட்ச் தேயும், மாத்தணும், ஆனா அதை ஊர்ல இருக்கற நல்ல மெக்கானிக் யார் வேணும்னாலும் மாத்திடுவார். ஓட்டறப்போ பாதி கிளட்ச்லயே கால் வச்சிருக்கறவங்களுக்கு அது சீக்கிரம் வரும், அது கார் தப்பில்ல.

என் கதையையும் சொல்லிடறேன். எங்க வீட்டுக் கார் ஆட்டோமேட்டிக், பேடில் இருக்கு. அதுக்காகவே மேல் வேரியன்ட் எடுத்தேன். வாங்கின வாரம் பைபாஸ்ல சும்மா தட்டித் தட்டிப் பார்த்தேன். அதுக்கப்புறம் நிஜமா அதைத் தொட்டது கொடைக்கானல்ல இருந்து வத்தலக்குண்டு இறங்கறப்போதான். இறக்கத்துல கியரைக் குறைச்சு இன்ஜினையே பிரேக்கா வச்சுக்கிட்டா பிரேக் சூடாகாது, அங்க பேடில் அருமையான விஷயம். வருஷத்துல ரெண்டு நாள். மிச்ச நாள்ல பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு உதவறது ஆட்டோமேட்டிக், பேடில் இல்ல. வீட்டம்மாவும் ஓட்டணும், அப்பாவுக்கு முழங்கால் வலி, டவுனுக்குள்ள தினமும் போகணும்னா ஆட்டோமேட்டிக் எடுங்க, தயங்காதீங்க. ஆனா அதுக்கு ஸ்போர்ட்ஸ் கியர்பாக்ஸ் வேண்டியதில்ல, அதை விடக் குறைஞ்ச விலையில கிடைக்கும்.

இப்ப விலை குறைஞ்சிருக்கே?

ஆமா. 2025 செப்டம்பர் 22ல இருந்து, 1200 சிசிக்குள்ள, 4 மீட்டர் நீளத்துக்குள்ள இருக்கற பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்னாடி செஸ்ஸோட சேர்த்து 29. என் லைன் 998 சிசி, 3,995 மில்லிமீட்டர், ரெண்டுக்குள்ளயும் வந்துடுது. விர்டஸ் மாதிரி நாலரை மீட்டர் செடானுக்கு 40 சதவீதம்.

பழைய 9.99 லட்சத்துல இந்த வரிக்குறைப்பை மட்டும் கழிச்சுப் பார்த்தா 9.14 லட்சம். 11.10 லட்சம் 10.15 ஆகும். மறுபடியும் ஒண்ணு கோட்டுக்கு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம். 10.15 லட்சத்துக்கு 18 சதவீதம்னா ரோட் டேக்ஸ் 1,82,700. அதுவே 9.99ல நின்னிருந்தா 1,29,870. பதினாறாயிரம் ரூபாய் தாண்டினதுக்கு ஐம்பத்திரண்டாயிரத்துக்கு மேல வரி! இது கணக்குக்காகப் போட்டது, உங்க கொட்டேஷன்ல விலை வேற இருக்கும். அதுல 10 லட்சக் கோடு எங்க விழுதுன்னு முதல்ல பாருங்க. பெரிய கார் பார்க்கறவங்க 20 லட்சக் கோட்டைப் பாருங்க.

டிசிடிதான் வேணும், காசு இடிக்குதுன்னா, ரெண்டு மூணு வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் ஒரு நல்ல வழி. வாழ்நாள் வரியை முதல் ஓனர் கட்டிட்டார், அந்தக் கோட்டுப் பிரச்சினை உங்களுக்கு இல்ல. தமிழ்நாடு ரிஜிஸ்ட்ரேஷனான்னும், வாரண்டி மிச்சம் இருக்கான்னும் பார்த்து எடுங்க.

தம்பி கடைசியில மேனுவல் எடுத்தான். வடபழஞ்சிக்கு நாகமலை வழியா போறான், அந்த ரோட்டுல மேனுவல் ஒரு தொந்தரவும் இல்ல. சனிக்கிழமை டவுனுக்குப் போயிட்டு வந்தா மட்டும் "இடது கால் போச்சுண்ணே"ன்னு எனக்கு மெசேஜ் வரும். எஃப்டி அப்படியே இருக்கு.

நீங்க டெஸ்ட் டிரைவ் போறப்போ ஷோரூம்காரர் காலி ரோட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவார். அங்க ரெண்டு காரும் நல்லாத்தான் இருக்கும். ஒரு தடவை சாயந்திரம் ஆறரை மணிக்கு, பழங்காநத்தத்துல இருந்து பெரியார் வரைக்கும், ரெண்டையும் ஒண்ணுக்கடுத்து ஒண்ணு ஓட்டிப் பார்த்துட்டு வந்து உட்காருங்க. அப்புறம் கொட்டேஷனைப் பிரிங்க.